கிழிந்த கொடியை எங்கே கொண்டு போவது?

வங்கிக்காரன், பி.காம். படித்தவன் என்று தெரிந்தால் போதும், அடுக்ககத்துப் பொருளாளர் பதவி தானாகத் தலையில் வந்து விழும். எங்கள் பவானிபூர் கட்டிடத்திலும் அப்படித்தான். கணக்குப் புத்தகங்களோடு ஒரு தகரப் பெட்டியும் வந்து சேர்ந்தது. திறந்தால் மூன்று தேசியக் கொடிகள். இரண்டு கதர், ஓரம் நைந்து, காவி வெளுத்துப் போனவை. மூன்றாவது 2022-ல் வாங்கிய பாலியஸ்டர், நடுவில் கிழிசல். கணக்கில் மூன்றையும் வாங்கிய வருஷமே செலவெழுதித் தீர்த்தாயிற்று. ஆனால் அப்புறப்படுத்த யாருக்கும் தைரியம் இல்லை. "எரிச்சா ஜெயில், குப்பையில போட்டாலும் ஜெயில். பெட்டியிலயே இருக்கட்டும் தாதா" என்று வங்காளியில் சொன்னார் செயலாளர்.

அவர் சொன்னது பாதி சரி. 1971-ல் வந்த தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி கொடியை எரித்தாலோ சிதைத்தாலோ மூன்று வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் நிதானமாகப் படித்தால் ஒரு சங்கதி கண்ணில் படும். பொது இடத்தில், அல்லது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் செய்தால்தான் குற்றம். 2002 ஜனவரி 26 அன்று அமலுக்கு வந்த கொடி விதித்தொகுப்பு மறுபக்கத்தைச் சொல்கிறது. பழுதான, அழுக்கான கொடியை வீசி எறியக் கூடாது. யாரும் பார்க்காத இடத்தில், துண்டாக்காமல் முழுசாக, கூடுமானால் எரித்து, இல்லாவிட்டால் கண்ணியமான வேறு வழியில் அழிக்க வேண்டும். அதாவது தெருவில் வைத்தால் குற்றமாகும் அதே தீயைக் கதவைச் சாத்திக்கொண்டு வைத்தால் கடைசி மரியாதை!

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை ஜீரணிப்பது இன்னும் கஷ்டம். கொடி எரிப்பு என்றாலே நம் காதில் போராட்டம் என்றுதான் விழும். இந்தித் திணிப்பை எதிர்த்து 1955 ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிக்கப் போவதாகப் பெரியார் அறிவித்தார். முதல்வர் காமராஜர் உறுதிமொழி கொடுத்த பிறகே அது கைவிடப்பட்டது. இன்னொரு பக்கம், 1932 ஜனவரியில் தடியடிபட்டு விழுந்தபோதும் கொடியை விடாத திருப்பூர் குமரன். இந்த இரண்டையும் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் கேட்டு வளர்ந்தவன் கொடிக்குப் பக்கத்தில் தீப்பெட்டியோடு நின்றால் கை நடுங்காதா?

(எல்லாப் பழங்கொடியையும் எரித்துவிடுவதில்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக் கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடி, கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஊருக்குப் போகும்போது குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.)

எங்கள் தொழிலில் இந்தப் பிரச்னை இல்லை. கந்தல் நோட்டை ரிசர்வ் வங்கி ஒரு காலத்தில் எரித்தது; இப்போது இயந்திரத்தில் பொடியாக நறுக்கிக் கட்டியாக அழுத்திவிடுகிறார்கள். கொடியை அப்படி நறுக்க முடியாது, முழுசாகத்தான் போக வேண்டும்.

நிற்க. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் ஜூன் 14, கொடி நாளன்று பார்த்திருக்கலாம். அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கம் 1937-ல் இதற்கென்றே ஒரு சடங்கை வகுத்தது. பழுதான கொடிகளைக் கூட்டமாக நின்று, வணக்கம் வைத்து எரிப்பார்கள். கொடிகள் நைலானாக மாறியதும் புகை பெரிய தொல்லையானது. இப்போது அங்கே சில தகன நிலையங்கள் பழைய கொடிகளை வாங்கி உலையில் எரித்துக் கொடுக்கின்றன. முன்னாள் படைவீரர் ஒருவரின் உடலோடு ஒரு பழைய கொடியையும் வைத்து எரிக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு.

நம் நாட்டில் அது நடக்காது. அரசு மரியாதையோ ராணுவ மரியாதையோ, உடல் மீது கொடி போர்த்தலாம், காவி தலைப்பக்கம் வர வேண்டும். ஆனால் அந்தக் கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது என்பது விதி. மனிதனோடு சேர்ந்து கொடி எரியக் கூடாது, தனியாக எரியலாம். இதை எந்த அதிகாரியோ யோசித்துத்தான் எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தனியாக எரிப்பது எங்கே என்று எழுதாமல் விட்டுவிட்டார்.

முன்பு அந்தக் கேள்வி எழவில்லை. 2002-க்கு முன் சாதாரணக் குடிமகன் குறிப்பிட்ட சில நாட்களில்தான் கொடியேற்ற முடியும். மற்ற நாளெல்லாம் கொடி அரசு அலுவலகங்களின் பொறுப்பு, அதுவும் கதர். 2002 விதித்தொகுப்பு எல்லோருக்கும் எல்லா நாளும் அனுமதி கொடுத்தது. நவீன் ஜிண்டால் வழக்கில் 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டது. 2021 டிசம்பர் 30 அன்று பாலியஸ்டருக்கும் இயந்திர நெசவுக்கும் அனுமதி வந்தது. அடுத்த ஆகஸ்டில் வீடுதோறும் மூவர்ணக் கொடி இயக்கம்; 20 கோடி வீடுகள் இலக்கு. ஏற்றுவதற்குச் செய்த ஏற்பாட்டில் கால்வாசி இறக்குவதற்குச் செய்யவில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம். கதர் எரிந்தால் சாம்பல். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், கறுப்புப் புகை வேறு.

'யாரும் பார்க்காத இடம்' என்றால் பவானிபூரில் எங்கே போவது? மொட்டை மாடியில் வடாம் காயவைத்தாலே நாலு வீட்டு ஜன்னல் திறக்கும்.

போன வருஷம் லேக் மார்க்கெட் மாமா ஒருவரின் காரியத்துக்காகக் கேவ்ராதலா மயானம் போயிருந்தேன். தேசபந்து சித்தரஞ்சன் தாஸை 1925-ல் எரித்த இடம்; நினைவு மண்டபம் இருக்கிறது. மின்சார உலையின் இரும்புக் கதவு மூடியபோது, விதி கேட்பது இதைத்தானே என்று நினைத்தேன். மூடிய இடம், முழுசாக எரியும், வெளியாள் பார்வை இல்லை. அங்கிருந்தவரிடம் கேட்க வாயெடுத்தேன். அடுத்த உடலோடு ஒரு குடும்பம் அழுதுகொண்டு நின்றது. வந்துவிட்டேன்.

கடைசியில் எங்கள் கட்டிடத்துக் காலி கார் ஷெட்தான். ஞாயிறு விடியற்காலை, ஷட்டரை இறக்கி, செயலாளரும் நானும். கதர்க் கொடிகளை மடித்து இரும்புச் சட்டியில் வைத்தோம். அவர் செருப்பைக் கழற்றினார், நானும் கழற்றினேன். இரண்டும் எரிந்து முடியும்வரை பேசவில்லை. சாம்பலை என்ன செய்வது என்று விதியில் இல்லை. அவர் கங்கைக்கு எடுத்துப்போனார்.

பாலியஸ்டர் கொடி இன்னும் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. சாவி என்னிடம்.