பிறப்பைச் சுட்டும் சொற்கள்

சில ஆண்டுகளுக்கு முன், கொடைக்கானல் மலையில் நான் பணியாற்றிய பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆங்கில அகராதியை ஏந்தியபடி என் அறைக்கு வந்தான். ‘பரையா’ என்னும் சொல்லின்மேல் விரலை வைத்து, “ஐயா, இது நம் பெயர்தானே? ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் போட்டிருக்கிறார்களே, ஏன்?” என்று கேட்டான். மணி அடித்துவிட்டது, அரைகுறையாக விடை கூறி அனுப்பினேன். அந்தக் கடனை இவ்வெள்ளி விழா மலரில் தீர்க்க விழைகின்றேன்.

ஆங்கிலேயர் தம் முன்னோரையும் பிறப்பையும் சுட்ட வழங்கிய சொற்களை முதலில் காண்போம். குலவரிசையைக் குறிக்கும் ‘பெடிக்ரி’ என்பது பழைய பிரெஞ்சு மொழியில் ‘கொக்கின் கால்’ எனப் பொருள்படும் தொடரிலிருந்து வந்தது. வம்சப் பட்டியலில் தந்தை பெயரின்கீழ் மக்களைக் காட்ட இழுக்கும் மூன்று கோடுகள் பறவையின் பாதம் போலிருந்தமையே காரணம். நம் தமிழிலும் வம்சத்திற்குக் ‘கால்வழி’ என்றொரு பெயர் உண்டு என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

‘லார்டு’ என்று நாம் நடுங்கிக்கொண்டு உச்சரித்த சொல்லின் பழம்பொருள் ‘அப்பத்தைக் காப்பவன்’ என்பதே. ‘லேடி’ என்றால் மாவு பிசைபவள். கி.பி. 600 அளவில் கெண்ட் நாட்டு மன்னன் எதெல்பெர்ட் வகுத்த சட்டத்தில், ஒருவனை அண்டி வாழும் ஏவலாளுக்கு ‘அப்பம் உண்பவன்’ என்று பெயர். படியளப்பவன் ஆண்டை, படி வாங்குபவன் படியாள் என்று நம் நாட்டில் வழங்கியதும் இதுவே அன்றோ? தானியக் குதிர் எவன் கையிலோ, பட்டமும் அவன் கையில்.

இன்னும் கேளுங்கள். திரைப்படக் கொடியவனை ‘வில்லன்’ என்கிறோம். வில்லா என்பது பண்ணை. பண்ணையில் கட்டுண்டு உழைத்தவனே வில்லன். அவன் செய்த குற்றம் ஏர் பிடித்தது ஒன்றுதான். ‘சர்ல்’ என்பான் அடிமையல்லாத சாதாரணக் குடிமகன். பிற்காலத்தில் அச்சொல்லுக்கு முரடன் என்று பொருளாயிற்று. ஆனால் ஒரே குலத்தான் என்று மட்டுமே முதலில் பொருள் தந்த இலத்தீன் சொல், உயர்குடிப் பிறந்தவன் என்றாகிப் பின்னர் மென்மையும் பண்பும் உடையவன் என்று ‘ஜென்டில்’ ஆகிவிட்டது. நிலமுடையான் பெயர் மேலேறிற்று. உழைத்தவன் பெயர் கீழிறங்கிற்று. ‘காஸ்ட்’ என்னும் சொல்லோ போர்த்துக்கீசியர் கொணர்ந்தது. கால்நடையின் இனத்தையும் மனிதரின் குலத்தையும் அவர்கள் ‘காஸ்டா’ என்றே குறித்தனர்.

இனி மாணவன் கேட்ட சொல். அது பறை என்னும் இசைக்கருவியின் பெயரிலிருந்து பிறந்தது. புறநானூற்று 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் குடிகள் என எண்ணிச் சொல்லும் நான்கினுள் பறையனும் ஒருவன். அங்கே இழிவின் சாயல் சிறிதுமில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்த இச்சொல், காலப்போக்கில் ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கலாயிற்று. தெருநாய்க்கும் பருந்துக்கும்கூட அதை அடைமொழியாக்கினர். அகராதிக்காரர் ஊரில் கண்டதை எழுதினார். ஊரில் அவ்வாறு நடத்தியவர் யார் என்பதை எழுதவில்லை.

அதை ஆராய்ந்தவர் கால்டுவெல். தமது ஒப்பிலக்கணத்தின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில், பறையர் திராவிடரே என்று ஒரு பின்னிணைப்பில் விரிவாக வாதிட்டு, பெயர் பறையிலிருந்து வந்ததையும் காட்டினார். அவர் உயிர் நீத்தது 1891 ஆகஸ்டு 28 அன்று, இதே கொடைக்கானலில். ஆனால் 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில் அப்பின்னிணைப்பு நீக்கப்பட்டது. நம்மைப் பற்றிய பக்கங்களே விடுபட்டுப் போன நூலைத்தான் பல தலைமுறையினர் பயின்றனர். பழைய பதிப்பு 2008இல்தான் தமிழகத்தில் மீண்டும் முழுமையாக அச்சேறியது.

நம் மலையிலும் இத்தகைய கதை உண்டு. குன்னுவர் என்றால் குன்றில் வாழ்வோர். எனினும் கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சமவெளியிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறியதாக அவர்தம் மரபே கூறும். அவர்களுக்கு முன்பே இங்கிருந்து, பின்னர் அவர்களிடமே பண்ணையடிமைகளாய் உழைத்தவர்கள் புலையர் என்று வெள்ளையர் காலத்து நூல்கள் பதிந்துள்ளன. வந்தவர்க்குக் குன்றின் பெயர், இருந்தவர்க்கோ ‘புலை’! அப்பெயரைப் புலால், தீட்டு என்பவற்றோடு பிணைப்போர் உண்டு. ‘புலம்’, அதாவது வயல், என்பதே வேர் என்போரும் உண்டு. மலைச்சரிவில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் வயல்களில் அம்மக்கள் உழைப்பதைக் கண்டவன் ஆதலின், என் மனம் பின்னதன் பக்கமே சாய்கிறது.

பெயரை என்ன செய்வது என்பதில் நம் பெரியோர்க்குள் இரு வழிகள் இருந்தன. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். எம்.சி. ராஜாவோ சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்து, 1922இல் அரசு ஆவணங்களில் அப்பெயருக்கு மாற்றாக ‘ஆதிதிராவிடர்’ என வழங்கச் செய்தார். ஒருவர் பெயரைத் துடைத்து எடுத்தார், மற்றவர் மாற்றினார். இருவரையும் நான் குறை கூறேன். ஆனால் சீனிவாசனாரின் துணிவு எனக்கு இளமையில் இருந்ததில்லை. பள்ளிப் பதிவேட்டில் சாதியைக் கேட்கையில் தாழ்ந்த குரலிலேயே விடை சொன்னேன்.

அன்று அந்த மாணவனிடம், “உன் பாட்டனாரின் தந்தை பெயர் என்ன?” என்று கேட்டிருந்தேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் மூன்று தலைமுறைக்குமேல் தெரியாது. திங்கட்கிழமை அவன் பாட்டியிடம் கேட்டு, ஐந்து தலைமுறைப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வந்தான். பெயர்களுக்கிடையே கோடுகளும் இழுத்திருந்தான். அதில் பெண்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. அவற்றையும் கேட்டு எழுதி வருமாறு திருப்பி அனுப்பினேன்.