தூக்குமேடைக்குப் பின் திறந்த மூளை

1881 ஜூலை 2-ஆம் நாள் வாஷிங்டன் இரயில் நிலையத்தில் அமெரிக்க அதிபர் கார்பீல்டு சுடப்பட்டார். செப்டம்பர் 19-இல் உயிர் நீத்தார். சுட்டவன் சார்ல்ஸ் கிட்டோ. வழக்கறிஞனாகவும் ஊர் ஊராக மறையுரை ஆற்றுபவனாகவும் அலைந்தவன். பாரிஸ் நகரில் தூதரகப் பதவி கேட்டு ஏமாந்தவன். கொல்லும்படி பணித்தவர் கடவுள், தான் வெறும் கருவி என்பதே அவன் வாதம். இறைவனின் பெயர் இவ்வாறு இழிவுறுவது கண்டு அன்றைய மக்கள் கொதித்தனர். நமக்கும் அருவருப்பே எழுகிறது.

ஆனால் நீதிமன்றம் கேட்ட வினா வேறு. 1843-இல் இங்கிலாந்தில் மக்நாட்டன் வழக்கை அடுத்து நீதிபதிகள் வகுத்த விதிப்படி, மனநோயால் தன் செயலின் தன்மையையோ, அது தவறு என்பதையோ அறியாதவனே குற்றத்தினின்று நீங்குவான். கிட்டோ பித்தன் என்றார் நரம்பியல் மருத்துவர் ஸ்பிட்ஸ்கா. பித்தென்பது மூளையின் நோய், இவனிடம் இருப்பதோ தீய குணமே என்றார் மனநலக் காப்பகத் தலைவர் கிரே. சான்றாயர் கிரேயை நம்பினர். 1882 ஜூன் 30-இல் அவன் தூக்கிலிடப்பட்டான். அதன் பின்னரே மூளையை அறுத்துப் பார்த்தனர்! நோயின் தடம் உண்டா, இல்லையா என்பதில் அப்போதும் மருத்துவர் ஒன்றுபடவில்லை. அம்மூளையின் பகுதிகள் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் உள்ளன.

நூறாண்டுக்கு ஒன்பது நாள் குறைய, 1982 ஜூன் 21-இல், அதே வாஷிங்டனில் மற்றொரு தீர்ப்பு. அதிபர் ரீகனைச் சுட்ட ஜான் ஹிங்க்லியின் மூளையை, இம்முறை உயிரோடிருக்கையிலேயே, சி.டி. ஸ்கேன் படமாகச் சான்றாயர் கண்டனர். மடிப்புகளின் இடைவெளி அகன்றுள்ளது என்றது ஒரு தரப்பு. இயல்பானதே என்றது மறு தரப்பு. படம் வந்தும் வாதம் பழையதுதான். ஆயினும் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாகி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 2022-இல்தான் முழு விடுதலை பெற்றார்.

இவ்வேறுபாட்டிற்குப் படத்தைவிடச் சட்டமே பெரிய காரணம் என நாம் கருதுகிறோம். அறிவு இருந்ததா என்பதோடு, தன்னை அடக்கும் ஆற்றல் இருந்ததா என்றும் அவ்வழக்கிற்குப் பொருந்திய சட்டம் 1982-இல் கேட்டது. சித்தசுவாதீனத்தை மெய்ப்பிக்கும் சுமையையும் அரசின்மேல் வைத்தது. சாவான பாவத்திற்கு முழு அறிவோடு முழுச் சம்மதமும் வேண்டும் என்பது ஞானோபதேச வகுப்பில் நாம் கற்றதன்றோ? தீர்ப்பால் எழுந்த கூக்குரலில், 1984-இல் வந்த நடுவண் சட்டம் அந்த இரண்டாம் வினாவை நீக்கிற்று. சுமையையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தோளுக்கு மாற்றிற்று. நம் நாட்டிலோ 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு அறிவைப் பற்றி மட்டுமே கேட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 22-ஆம் பிரிவும் அதையே கேட்கிறது.