வயிறு நிறைந்த பென்குயின்

சின்னம் என்று பேச்செடுத்தால் போதும், எல்லோருக்கும் ஒரு கருத்து வந்துவிடும். கெர்னலின் நினைவக மேலாண்மையைப் பற்றிப் பேச நாலு பேர் தேறினால் அதிகம். லோகோவில் மஞ்சள் வேண்டுமா என்று கேட்டால் ஊரே திரண்டு வரும். 1996-ல் லினக்ஸிலும் இதுதான் நடந்தது.

அப்போது லினக்ஸுக்கு ஐந்து வயது, 2.0 பதிப்பு வரவிருந்த நேரம். சுறா வைக்கலாம் என்றார்கள், கழுகு வைக்கலாம் என்றார்கள். மற்ற இயங்குதளங்களின் சின்னங்களைக் கிண்டலடிக்கும் படங்களும் வந்தன. பெரிய நிறுவனங்களோடு மோதுகிறோம், பார்த்ததும் எதிராளிக்குக் கொஞ்சமாவது பயம் வர வேண்டாமா என்கிற ஆசை அவற்றில் எனக்குத் தெரிகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் போகிற போக்கில் தனக்குப் பென்குயின் பிடிக்கும் என்றார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது.

அவர் கேட்டதும் வீரப் பென்குயின் இல்லை. ஹெர்ரிங் மீனை மூக்கு முட்டத் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டு, சும்மா உட்கார்ந்திருக்கும் குண்டுப் பென்குயின். லினக்ஸின் நளினத்துக்கு இந்தத் தொந்தி பொருந்துமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். மணிக்கு நூறு மைல் வேகத்தில் பாய்ந்து வரும் கோபக்காரப் பென்குயினை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது என்று 2.0 அறிவிப்பிலேயே அவர் பதில் சொல்லிவிட்டார்.

படத்தை வரைந்தவர் லாரி யூயிங், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். வரைந்த கருவி கிம்ப். அதுவும் மாணவர்கள் எழுதிய கட்டற்ற மென்பொருள்தான். டக்ஸ் என்று பெயர் வந்தது பிறகு. லோகோவுக்காக நடந்த போட்டிகள் எதிலும் டக்ஸ் ஜெயிக்கவில்லை. அதனால்தான் அதை லோகோ என்று சொல்லாமல் மஸ்காட் என்கிறார்கள். ஜெயித்த படம் எது என்று இன்று யாருக்கும் ஞாபகமில்லை.

தோற்ற படம் எப்படி உலகம் முழுக்கப் போனது? அழகு ஒரு காரணம்தான். அதைவிட, யூயிங் வைத்த நிபந்தனையை நான் முக்கியமாக நினைக்கிறேன். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம். யாராவது கேட்டால் என் பெயரையும் கிம்பையும் சொல்லுங்கள், அவ்வளவுதான். அதனால் ஆளாளுக்கு அதற்குத் தொப்பி மாட்டினார்கள், கண்ணாடி போட்டார்கள், கையில் வாள் கொடுத்தார்கள்.

இதற்கு நேரெதிரான கதை ஃபயர்ஃபாக்ஸ். உலக உருண்டையைச் சுற்றிப் படுத்திருக்கும் அந்த நரி, தொழில்முறை வடிவமைப்பாளர்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது. ஆனால் நிரல் கட்டற்றதாக இருக்க, படத்துக்கு மட்டும் கட்டுப்பாடு இருந்தது. தன் விதிகளுக்கு அது ஒத்துவரவில்லை என்று டெபியன் நரியை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. 2006-ல் மொசில்லா, நரி இல்லாமல் பெயரும் கிடையாது என்றது. நிரலில் செய்யும் மாற்றங்களுக்கும் தன் ஒப்புதல் வேண்டும் என்றது. டெபியன் அதே உலாவிக்கு ஐஸ்வீசல் என்று பெயர் வைத்தது. பழைய பெயர் திரும்ப 2016 ஆனது. மொசில்லா பக்கமும் நியாயம் உண்டு. கண்டவனும் எதையாவது சேர்த்து அதே பெயரில் விநியோகித்தால், ஏமாறுவது பயனர்தான். ஆனாலும் பத்து வருடப் பிரிவு!

சின்னம் எப்படி இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் மல்லுக்கட்டுகிறார்கள். அது யாருடையது என்ற கேள்வி கடைசியில், வக்கீல் பாஷையில் வந்து சேர்கிறது. முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பேன்.

2009-ல் டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்கு முகப்புற்று நோயால் அழிந்துகொண்டிருந்தது. அதைப் பலரும் அறிய வேண்டும் என்று லினக்ஸ் 2.6.29 பதிப்பில் மட்டும் டக்ஸ் ஒதுங்கி இடம் கொடுத்தது. அங்கே வந்து உட்கார்ந்த டெவில், முகத்தில் ஒரு பொய் அலகைக் கட்டிக்கொண்டு பென்குயின் போல நடித்தது. யாரும் வழக்குப் போடவில்லை.