கூண்டு யாருக்காக ஏறியது? தமிழகக் கரையின் குளிர்காலப் புயல் எச்சரிக்கை: ஒரு வரலாற்று ஆய்வு

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, ‘துறைமுகத்தில் 1ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்’ என்ற செய்தி தமிழகக் கரைக்குப் பழகிப்போனது. இந்த ஏற்பாடு கப்பலைக் காக்கப் பிறந்தது. கடலுக்குள் நிற்கும் மீனவரை அது வெகுகாலம் கணக்கில் எடுக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கருவிகள் வருவதற்கு முன்பு நாள்காட்டியே எச்சரிக்கையாக இருந்தது. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. வடகிழக்குக் காற்று வலுத்தால் கரையில் மோதி உடைய வேண்டியதுதான். ஆகவே அக்டோபர் 15ஆம் நாள் புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் 15 வரை அது நிமிராது. அந்த இரண்டு மாதங்களில் இக்கரையை அண்டும் கப்பல் தன் காப்பீட்டை இழக்கும். காப்பீட்டுக்காரரின் கணக்குக்கு இந்தத் தேதிகள் போதும். கடல் அதற்குக் கட்டுப்படவில்லை. 1761 ஜனவரி 1 அன்று, புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பற்படையைப் புயல் சிதறடித்தது.

அலை கொந்தளிக்கும் நாட்களில் கரைக்கும் கப்பலுக்கும் இடையே கடிதம் கொண்டுபோனவர் கட்டுமரக்காரர். பிறருக்கான செய்தியை உயிரைப் பணயம் வைத்துச் சுமந்த அவருக்கென்று தனியாக எச்சரிக்கை எதுவும் இருக்கவில்லை.

1864 அக்டோபரில் கல்கத்தாவையும், அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தையும் பெரும்புயல்கள் அழித்தன. அதன் விளைவாக 1865இல் கல்கத்தா துறைமுகத்துக்குத் தந்தி வழி எச்சரிக்கை முறை வந்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை உருவானது. 1886க்குள் எச்சரிக்கை மற்றத் துறைமுகங்களுக்கும் விரிந்தது. 1898இல் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே வகை அடையாளங்கள் வகுக்கப்பட்டன. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் கம்பத்தில் ஏறின.

இம்முறையின் நுட்பத்தை 5, 6, 7ஆம் எண் கூண்டுகளில் காணலாம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேராக வருமா என்பதை அவை பிரித்துச் சொல்கின்றன. கிழக்குக் கரையில் புயல் ஓர் ஊருக்குத் தெற்கே கடந்தால் காற்று கடலிலிருந்து வீசும். வடக்கே கடந்தால் நிலத்திலிருந்து வீசும். நங்கூரத்தை எடுப்பதா, கயிறுகளை இறுக்குவதா என்று முடிவுசெய்ய மாலுமிக்கு இது தெரிந்தாக வேண்டும். 11ஆம் எண்ணோ, வானிலை நிலையத்துடன் தொடர்பு அறுந்ததையே தெரிவிக்கிறது. அறிவார்ந்த ஏற்பாடுதான். ஆனால் கம்பம் துறைமுகத்தில் நிற்கிறது. கரை மறையும் தூரம் போனவர் கண்ணுக்கு அது தெரியாது.

1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பழைய நாள்காட்டியின் எல்லை கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோயிற்று. பின்னர் 1970இல் விசாகப்பட்டினத்திலும், அடுத்துச் சென்னையிலும் புயல் கண்டறியும் ராடார்கள் நிறுவப்பட்டன. 1983 முதல் இன்சாட் படங்கள் உதவின.

கண்டறிவது மேம்பட்டும், செய்தி சேருமிடம் கரையாகவே இருந்தது. 2017 நவம்பர் 29 அன்று குமரிக்கடல் அருகே இருந்த தாழ்வு மண்டலம், மறுநாளே ஒக்கி புயலாக மாறியது. குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவர்கள். அவர்களில் பலர் எச்சரிக்கைக்கு முன்பே வெகுதூரம் போயிருந்தனர். ‘கடலுக்குப் போகாதீர்கள்’ என்ற வாசகம், ஏற்கெனவே போனவருக்கு எதையும் சொல்லவில்லை. அப்புயலில் நேர்ந்த மீனவர் உயிரிழப்புகளை வெறும் இயற்கைச் சீற்றமாக எழுதிவைப்பதை நான் ஏற்கவில்லை. கப்பலை மையமாக வைத்து எழுந்த ஒரு முறையின் நெடுநாள் குறையும் அதில் இருக்கிறது.

இன்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் புயல் எனப்படுகிறது. மீனவருக்கான எச்சரிக்கையோ 45 கிலோமீட்டரிலேயே தொடங்குகிறது. 2019இல் வந்த ‘ஜெமினி’ கருவி, செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலில் இருக்கும் படகின் கைபேசிக்கே எச்சரிக்கையைக் கொண்டுபோகிறது. படகிலிருந்து பதில் அனுப்பும் வசதி அதில் இல்லை. இருவழித் தொடர்பு தரும் டிரான்ஸ்பாண்டர்கள் அதற்குப் பின்னரே விசைப்படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன.