மூட்டினால் வருமானம், மூட்டினால் வழக்கு

காட்டுத் தீ என்றால் அணைக்க வேண்டியது என்றுதான் நமக்குப் பழக்கம். மூட்ட வேண்டிய தீயும் உண்டு என்று சொன்னால், வனத்துறைக்காரர்கள் மட்டுமல்ல, சூழலியல் ஆர்வலர்களிலும் பாதிப்பேர் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவின் வடகோடியில் ஆர்னம் லேண்ட் மேட்டுநிலத்தில் வாழும் பினிஞ் மக்களும், சத்தியமங்கலத்துக்கு வடக்கே பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகரும், ஒருவரை ஒருவர் அறியாமலே இந்த விஷயத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். கோடை முற்றுவதற்கு முன், சருகும் புல்லும் அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே, முழங்கால் உயரத் தீயைத் தரையோடு ஓடவிட்டு எடுத்துவிட வேண்டும் என்பது இரு தரப்பினரின் வழக்கம்.

முன்னவருக்கு இன்று அந்தத் தீ பணம் தருகிறது. பின்னவருக்கு அது குற்றம். பருவநிலை மாநாடுகள்தோறும் பழங்குடிகளின் அறிவை மதிப்போம் என்று தீர்மானம் போடுகிறார்கள். அறிவு இரண்டு இடத்திலும் இருந்தது. வேறுபாட்டை வேறெங்கோ தேட வேண்டும்.

ஆர்னம் லேண்டின் கதையில் முதலில் வருவது ஆளில்லாத நிலம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேட்டுநிலத்து மக்கள் கிறிஸ்தவ மிஷன்களுக்கும் சுரங்கங்களுக்கும் எருமை வேட்டை முகாம்களுக்கும் இறங்கிப் போனார்கள். தீ வைக்க ஆளில்லாமல் போனதும் தீ நின்றுவிடவில்லை, பெரிதானது. ஆண்டின் பிற்பகுதியில், எல்லாம் எலும்பாகக் காய்ந்த பிறகு பற்றும் தீ வாரக்கணக்கில் ஓடும். 2005க்கு முந்தைய பத்தாண்டுகளில் அந்த நிலத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒவ்வோர் ஆண்டும் எரிந்தது. அதில் பெரும்பகுதி இந்தப் பிந்திய தீயால். தீயைத் தாங்காத சைப்ரஸ் பைன் மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயின.

பர்தாயல் லோஃப்ட்டி நட்ஜமெரெக் என்ற முதியவர், பாறை ஓவிய மரபில் வந்த பெரிய ஓவியர், மேட்டுநிலத்துக்குத் திரும்பி கபுல்வர்னம்யோ என்ற சிறு குடியிருப்பை அமைத்தார். எந்தப் புல் எப்போது எரியும், எந்த ஓடைப்பள்ளத்தை எப்போதும் காக்க வேண்டும் என்று தெரிந்த கடைசித் தலைமுறையில் அவர் ஒருவர். 2009இல் அவர் இறப்பதற்குள் இளையவர்களும் அறிவியலாளர்களும் அவரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஜெரமி ரஸல் ஸ்மித் முதலிய ஆய்வாளர்கள் அந்த அறிவைக் கணக்காக மாற்றினார்கள்.

கணக்கு எளிமையானது, ஆனால் நுட்பமானது. புல் எரியும்போது வெளிவரும் கரியமில வாயுவை அடுத்த மழையில் முளைக்கும் புல் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதால் அதைச் சேர்ப்பதில்லை. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் அப்படித் திரும்புவதில்லை. அவற்றை மட்டும் எண்ணுகிறார்கள். முந்திய பருவத்தில் வைக்கும் தீ இரவுப் பனியில் தானே அணையும், திட்டுத்திட்டாக எரியும், ஓர் ஏக்கருக்கு எரியும் சருகும் குறைவு. திட்டுகள் பிந்திய தீக்குத் தடுப்பாகவும் நிற்கும். ஆக, எரிப்பதாலேயே மொத்தத்தில் எரிவது குறைகிறது. முந்தைய பத்தாண்டுச் சராசரியோடு ஒப்பிட்டால், முதல் ஏழு ஆண்டுகளில் வாயு வெளியேற்றம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததாக ஆய்வு சொன்னது.

டார்வின் நகரத்தில் திரவ எரிவாயு ஆலை கட்டிய கோனோகோ பிலிப்ஸ் நிறுவனம், ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வீதம் 17 ஆண்டுகள் தர ஒப்புக்கொண்டது. பதிலுக்கு ஆண்டுக்கு 1,00,000 டன் கரியமில வாயுவுக்கு ஈடான குறைப்பு. 2006இல் தொடங்கிய அந்தத் திட்டம் 28,000 சதுர கிலோமீட்டரில் நடக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். 2012இல் ஆஸ்திரேலிய அரசு இந்தக் கணக்குமுறையைத் தன் கார்பன் சட்டத்துக்குள் சேர்த்தது. இன்று ரேஞ்சர்களாக வேலை செய்கிற பினிஞ் இளைஞர்கள் ஹெலிகாப்டரிலிருந்து தீக்குண்டு போடுகிறார்கள், செயற்கைக்கோள் வரைபடத்தில் தீயின் போக்கைப் பார்க்கிறார்கள், யெக்கே என்று அவர்கள் சொல்லும் குளிர்ந்த பருவத்தில் நடந்தே போய்த் தீ வைக்கவும் செய்கிறார்கள். கபுல்வர்னம்யோவில் 2015இல் ஒரு பள்ளி வந்தது. பிள்ளைகளைப் படிக்க வைக்க நகரத்துக்குப் போக வேண்டியதில்லை என்பதால், தீ வைக்க ஆள் இருக்கிறார்கள்.

இதைப் புகழ்ந்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த ஆலை ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கும் மேல் எரிவாயுவைக் கப்பலேற்றும் திறன் கொண்டது. ஜப்பானில் அது எரியும்போது ஒரு டன் வாயுவுக்கு இரண்டரை டன்னுக்கும் மேல் கரியமில வாயு வரும். அதன் பக்கத்தில் வைத்தால் 1,00,000 டன் என்பது பெருங்காய டப்பாவில் மிஞ்சிய வாசனை. பினிஞ் மக்கள் ஏமாந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு ஊருக்குத் திரும்ப வழி வேண்டியிருந்தது, ஆலைக்கு அனுமதி வேண்டியிருந்தது. பேரம் இரு தரப்புக்கும் தெரிந்தே நடந்தது. பேரம் பேசும் இடத்தில் அவர்களால் உட்கார முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அந்த நாற்காலி எங்கிருந்து வந்தது? 1976இல் இயற்றிய வட பிரதேச நில உரிமைச் சட்டத்திலிருந்து. யாரும் வாங்கவோ விற்கவோ முடியாத முழு உரிமையாக ஆர்னம் லேண்ட் அதன் மக்களுக்குக் கிடைத்தது. கார்பன் என்ற சரக்கைச் சந்தை அறிவதற்கு முன்பே நிலம் அவர்களுடையது. அறிவியலாளர் அவர்களிடம் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும், நிறுவனம் அவர்களோடுதான் கையெழுத்திட வேண்டும்.

இனி பிளிகிரிரங்கன் மலை. தமிழ் வாசகருக்கு இந்த மக்களை ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் வழியாகத் தெரிந்திருக்கும். மாநில எல்லைக்கு இரு பக்கமும் இருப்பவர்கள் இவர்கள். கர்நாடகப் பக்கத்தில் காட்டுக்குள்ளும் ஓரத்திலுமாக ஏறத்தாழ 60 போடுகளில், அதாவது குடியிருப்புகளில், வாழ்கிறார்கள். தரகு பெங்கி என்று அவர்கள் சொல்வது சருகுத் தீ. தை, மாசியில் வைப்பார்கள். இளம்புல் வரும், வழி துலங்கும், உண்ணி குறையும், நெல்லி மரத்தடி சுத்தமாகும்.

1974இல் காடு வனவிலங்குச் சரணாலயமானது. சரணாலயத்துக்குள் தீ வைப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கிறது. காட்டு வேளாண்மை நின்றது, மக்களை ஓரங்களில் குடியமர்த்தினார்கள், சருகுத் தீயும் போனது. ஆர்னம் லேண்டில் நடந்தது இங்கும் ஒரு வகையில் நடந்தது. ஆனால் இங்கே ஆள் போகவில்லை. தீ வைக்கத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள், கை மட்டும் கட்டப்பட்டது.

அதன் பிறகு பரவியது உண்ணிச்செடி என்ற லாண்டனா புதர். 1997க்கும் 2008க்கும் இடையே இந்தக் காட்டில் அது தென்பட்ட ஆய்வுத் திட்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. அங்கிலா ஹிரேமத், பரத் சுந்தரம் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் ஒரு கருதுகோள் வைத்தார்கள்: தீ உண்ணிச்செடியை வளர்க்கிறது, உண்ணிச்செடி தீயை வளர்க்கிறது என்று. பின்னர் சோளகரிடம் கேட்டபோது கிடைத்த விளக்கம் தலைகீழாக இருந்தது. சருகுத் தீ இருந்தவரை உண்ணிச்செடியின் நாற்றுகள் ஆண்டுதோறும் கருகின. தீ நின்றதும் புதராகிவிட்டன. கேட்ட விளக்கத்தை ஒதுக்காமல் ஆய்விதழில் அவர்களே பதிவு செய்தார்கள் என்பது பாராட்டத்தக்கது.

நெல்லியின் கதையும் இப்படித்தான். மரங்கள் குறைவதற்கு மக்கள் காய் பறிப்பதுதான் காரணம் என்று ஒரு தரப்பு சொன்னது. சோளகர் புல்லுருவியைக் காட்டினார்கள். தீயின் வெக்கைதான் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தது என்றார்கள். காய் பறிப்பைவிடப் புல்லுருவியும் உண்ணிச்செடியும் பெரிய காரணங்கள் என்பதையே பின்னர் வந்த ஆய்வுகளும் சுட்டின.

அப்படியானால் ஆர்னம் லேண்ட் முறையை இங்கே இறக்கிவிடலாமா? கூடாது என்பதே என் எண்ணம். 540 சதுர கிலோமீட்டர் காட்டில் மீத்தேன் கணக்குப் போட்டு விற்க ஒன்றும் பெரிதாகத் தேறாது. சோலைகளில் தீ ஏறவே கூடாது. உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிய இடத்தில் இன்று பழைய தீயை வைத்தால் அது தரையில் நிற்காது, புதரைப் பிடித்து மரத்துக்கு ஏறும். முதலில் வெட்டிக் களைய வேண்டும். ஆர்னம் லேண்டில் தீயின் பயன் உலகக் கணக்கில் சேர்கிறது. இங்கே அது உள்ளூர்ப் பயன்: நீளும் கோடையைத் தாங்கும் காடு, குறையாத நெல்லி, தேன். பருவநிலைப் பேச்சில் முன்னது தணிப்பு, பின்னது தகவமைப்பு. பணம் முன்னதைத் தேடித்தான் வருகிறது என்பது சோளகரின் கெட்ட நேரம்.

நிலைமை முழுக்க இருட்டு என்றும் சொல்ல முடியாது. 2011 தொடக்கத்தில் இந்தக் காடு புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இந்தியாவில் அதுவே முதல் முறை. காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் அந்தச் சட்டம் கிராம சபைக்கு உரிமை தருகிறது. நிர்வகிப்பதில் தீயும் சேருமா என்ற இடத்தில் இரண்டு சட்டங்களும் முட்டிக்கொள்கின்றன. இதுவரை 30ஆம் பிரிவின் கைதான் ஓங்கியிருக்கிறது.

விசித்திரம் என்னவென்றால், தீ அங்கே முழுதாக நின்றுவிடவும் இல்லை. கோடை தொடங்கும்போது வனத்துறையே தீத்தடுப்புக் கோடுகளை எரிக்கிறது. காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, தீ தாண்டாமலிருக்க நீளமான பட்டைகளைக் கருக்கிவிடும் வேலை அது. பருவம் அதே தை, மாசி. அந்த வேலைக்குத் தினக்கூலிக்கு எடுக்கும் தீக்காவலர்களில் சோளகர் இருக்கிறார்கள். ஆர்னம் லேண்டில் பருவத்துக்கு முன் நில உரிமையாளர் குடும்பங்கள் கூடி, எந்த மேட்டை இந்த ஆண்டு எரிப்பது, எதை விடுவது என்று வரைபடத்தை விரித்துப் பேசுகிறார்கள். பிளிகிரிரங்கன் மலையில் எந்தக் கோட்டை எப்போது எரிப்பது என்று கேட்கும் கூட்டம் வனச்சரக அலுவலகத்தில் நடக்கிறது. கிராம சபைக்கு அதில் இடம் கொடுக்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, தை பிறப்பதற்கு முன் ஓர் அழைப்புக் கடிதம் போதும்.