பற்பத்தின் துகளளவு

சித்த மருத்துவத்தில் உலோகத்தையும் தாதுவையும் புடமிட்டு எடுக்கும் வெண்பொடி பற்பம். சிவந்து வந்தால் அது செந்தூரம். சுத்தி செய்த சரக்கை மூலிகைச் சாறு விட்டுக் கல்வத்தில் அரைத்து, வில்லை தட்டி உலர்த்தி, அகலில் அடக்கிச் சீலைமண் செய்து, வறட்டி அடுக்கி எரிப்பார்கள். முடிந்த மருந்தை இரு விரலுக்கிடையே தேய்த்தால் ரேகைக்குள் படிய வேண்டும். நீரில் தூவினால் மிதக்க வேண்டும். உலோக மினுக்கு தெரியக் கூடாது. கருவி ஏதுமில்லாத காலத்தில் வகுத்த துகளளவுச் சோதனைகள் இவை. இவற்றின் கூர்மை வியக்கத்தக்கது. ஆனால் பொடி ரேகைப் பள்ளத்தைவிடச் சிறியது என்பதற்கு மேல் விரலால் சொல்ல முடியாது.

ஒளி நுண்ணோக்கியும் சுமார் 200 நானோமீட்டரோடு நின்றுவிடும். பெர்லினில் 1931இல் மாக்ஸ் நோலும் எர்ன்ஸ்ட் ரஸ்காவும் செய்த எலக்ட்ரான் நுண்ணோக்கி அந்த எல்லையை விரைவிலேயே கடந்தது. 1951இல் டர்கெவிச், ஸ்டீவன்சன், ஹில்லியர் மூவரும் கூழ்மத் தங்கத் துகள்களை அதில் படமெடுத்து அளந்தனர். இன்றைய அளவீட்டு முறையின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

காசநோய் மருத்துவமனையால் பெயர்பெற்ற தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளில் ரேகைச் சோதனையும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமும் அடுத்தடுத்த பக்கங்களில் வரத் தொடங்கின. மாதிரிகள் பலவும் ஐ.ஐ.டி. மெட்ராஸின் நுண்கருவி மையத்துக்குப் போயின. தாம்பரத்துக்குத் தெற்கே, பொத்தேரி ரயில் நிலையத்தை ஒட்டிய எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகத்திலும் இத்தகைய படமெடுக்க 200 கிலோவோல்ட் ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிறது.

படம் எடுப்பதைவிட எதை அளப்பது என்று முடிவு செய்வதே கடினம். பலமுறை புடம் கண்ட பொடியில் மணிகள் தனித்தனியாக இருப்பதில்லை; ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடக்கும். 2007இல் 'கோல்ட் புல்லட்டின்' இதழில் வந்த ஆய்வு, பற்பத்துக்கு இணையான ஆயுர்வேதத் தங்க பஸ்மத்தின் படிகம் சுமார் 57 நானோமீட்டர் என்றது. அந்தப் படிகங்கள் சேர்ந்த துகளோ மைக்ரோமீட்டர் அளவு. ஆய்வின் தலைப்பே பஸ்மத்தை மைக்ரோதுகள் என்று குறித்தது. எக்ஸ்-கதிர் முறையில் கிடைப்பது படிகத்தின் அளவு. குடலுக்குள் போவது கட்டி. இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் 'நானோ மருந்து' என்று எழுதுவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

மாதிரி தயாரிப்பிலும் கவனம் வேண்டும். தாதுப்பொடியில் மின்சாரம் பாயாது என்பதால், மேற்பரப்பைப் படமெடுக்கும் அலகீட்டு வகைக் கருவிக்கு அதன்மேல் சில நானோமீட்டர் தங்கம் பூசுவார்கள். 20 நானோமீட்டர் மணிக்கு அந்தப் பூச்சே கணிசமான பருமன். தங்கப் பற்பத்துக்குத் தங்கமே பூசினால் தனிமப் பகுப்பாய்வும் குழம்பும். அதற்குக் கார்பன் பூச்சே தகும். ஊடுருவு வகையில் பூச்சு தேவையில்லை: பொடியை ஆல்கஹாலில் கலக்கி, மீயொலியால் கட்டியை உடைத்து, 3 மில்லிமீட்டர் செம்பு வலைத்தட்டில் ஒரு சொட்டு விட்டு உலர்த்தினால் போதும். எவ்வளவு நேரம் உடைத்தோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். கட்டியின் அளவு அதைப் பொறுத்தே மாறும். பிறகு நூற்றுக்கணக்கான துகள்களை ஒவ்வொன்றாக அளந்து பரவலை வரைகிறார்கள். இதற்கான பன்னாட்டுத் தரம், ஐ.எஸ்.ஓ. 21363, 2020இல் வெளியானது.