வாழைமர நோட்டும் வாட்ஸ்அப் ஜோசியமும்

கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படிங்க.

எங்கள் கோயில் தொண்டர் குழுவில் இப்போதெல்லாம் அன்னதானப் பட்டியலைவிட அதிகமாக வருவது பணத்தைப் பற்றிய ஃபார்வர்டுகள்தான். "அடுத்த மாதம் ரிங்கிட் செல்லாது." "பேங்க் எல்லாம் மூடப்போறாங்க, காசை எடுத்துடுங்க." "உலகக் கடன் மொத்தமும் ரத்தாகப் போகுது, இந்த டெலிகிராம் குழுவில் பேர் கொடுத்தா ஆளுக்கு ஒரு மில்லியன்." ஒரு அக்கா எங்களிடம் கேட்டே விட்டார்: "தம்பி, பேங்க்ல இருக்கிறதை எல்லாம் எடுத்து வீட்டிலேயே வெச்சிடவா?" விளையாட்டாகக் கேட்கவில்லை. இருபது வருஷம் கேன்டீனில் வேலை செய்து சேர்த்த காசு அது.

இப்படிப் பயப்படுகிறவர்களைப் பார்த்து நாங்கள் சிரிப்பதில்லை. நம்ம ஊரில் பணம் உண்மையிலேயே செத்திருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால்தான் இந்த ஃபார்வர்டுகளின் லட்சணமும் தெரியும்.

1941 வரைக்கும் வெள்ளைக்காரன் சொன்ன ஆருடம், சிங்கப்பூர் யாராலும் பிடிக்க முடியாத கோட்டை என்பது. டிசம்பர் 8-ல் ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 31-ல் பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைக் கடந்து போய், பாலத்தை வெடி வைத்து உடைத்தது. பிப்ரவரி 15-ல் கோட்டை சரண். அதிகாரத்தில் இருக்கிறவன் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை என்று ஜொகூர்க்காரனுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அரசாங்கம் பொய் சொன்னது என்பதால், அரசாங்கத்தைத் திட்டுகிற ஒவ்வொருவரும் உண்மை சொல்கிறார் என்று ஆகிவிடாது. இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படிங்க.

ஜப்பான்காரன் வந்ததும் புது நோட்டு வந்தது. பத்து வெள்ளி நோட்டில் வாழை மரம். அதனால்தான் மலாயில் "டூயிட் போக்கோ பீசாங்", நம்ம ஆட்களுக்கு வாழைமர நோட்டு. கேட்டவுடன் கொடுப்போம் என்று ஜப்பான் அரசாங்கம் நோட்டிலேயே உறுதி அச்சிட்டிருந்தது. ஆரம்பத்தில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பிறகு எண்ணும் போய், மலாயாவைக் குறிக்கும் 'எம்' எழுத்தில் தொடங்கும் குறியீடு மட்டும் மிச்சம். எத்தனை அடித்தார்கள் என்று நோட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி சுருங்கியது, நோட்டு மட்டும் பெருகியது. கடைசியில் ஆயிரம் வெள்ளி நோட்டே அச்சடித்தார்கள். போருக்கு முன் சில வெள்ளிக்குக் கிடைத்த ஒரு பிக்கல் அரிசி, 1945-ல் கள்ளச்சந்தையில் ஆயிரக்கணக்கான வெள்ளி. தோட்டத்து லயங்களில் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. புழக்கத்தில் பெருகிய பணத்தை உறிஞ்ச லாட்டரி கூட விற்றுப் பார்த்தார்கள்.

வெளிநாட்டு ரேடியோ கேட்டால் கெம்பெய்தாய் பிடித்துக்கொண்டு போகும். சேதி வரும் வழியெல்லாம் அடைபட்டதால் வதந்திதான் சேதியானது. "நல்ல சம்பளம், சாப்பாடு, சில மாதம்தான் வேலை" என்ற பேச்சை நம்பி எத்தனை தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்கு ஏறிப்போனார்கள்! நம்பாதவர்களைப் பிடித்துக்கொண்டும் போனார்கள். திரும்பி வராதவர்கள் பல்லாயிரம். ஒரு பொய்யான வாக்குறுதியின் விலை நம் சமூகத்துக்குப் புதுசு இல்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாழைமர நோட்டு சாகப்போகிறது என்பதைச் சொல்ல ரகசியத் தகவல் எதுவும் தேவைப்படவில்லை. எண் இல்லாத நோட்டு கையிலேயே இருந்தது, அரிசி விலை சந்தையில் தெரிந்தது. புரிந்தவர்கள் நோட்டை வைத்திருக்காமல் துணி, நகை, நிலம் என்று மாற்றினார்கள். இன்னும் சிலர் போருக்கு முன்னால் வாங்கிய கடனை வாழைமர நோட்டில் ஓடிப்போய் அடைத்தார்கள். நல்ல வெள்ளி கொடுத்த செட்டியார்கள் வெறும் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் வந்ததும் அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டது. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று வழக்கு மேல் வழக்கு. கடைசியில் 1948-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, பிற்காலத்தில் அடைத்த கடன்களை நோட்டின் தேய்மானத்துக்கு ஏற்ப மறுகணக்குப் பார்த்தார்கள்.

செத்த நோட்டை வைத்தும் பிழைத்தவர்கள் உண்டு. பிலிப்பைன்ஸில் 1953-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஜப்பான் நோட்டு வைத்திருந்தவர்களைச் சேர்த்து, நோட்டில் சங்க முத்திரை குத்தி, ஒருநாள் இதற்கு முழுப்பணம் வரும் என்று நம்பிக்கை கொடுத்தார்கள். 1967-ல் அமெரிக்காவில் வழக்கும் போட்டார்கள். காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடி. அந்த நோட்டுகளுக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. முத்திரை குத்திய நோட்டு இன்று சேகரிப்பாளர்கள் கையில் சுற்றுகிறது. 2003-க்குப் பிறகு ஈராக் தினாரை மூட்டையாக வாங்கி வைத்துக்கொண்டு "நாளைக்கு மதிப்பு ஏறும்" என்று இன்றுவரை காத்திருக்கிறவர்கள் செய்வதும் இதேதான். 'சதுரங்க வேட்டை' படத்தில் ரைஸ் புல்லர் கலசம் விற்பார்களே, அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

அதே 1967-ல் நம் நாட்டில் இரண்டாவது அடி. ஜூன் 12-ல் பேங்க் நெகாராவின் புது மலேசிய வெள்ளி வந்தது. பழைய நோட்டும் புது நோட்டும் ஒன்றுக்கு ஒன்று என்றார்கள். நவம்பர் 18-ல் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. பழைய நோட்டு பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால், ஒரு வெள்ளி 85 காசானது. மாற்றாமல் வைத்திருந்த ஏழைக்குத்தான் அடி. பினாங்கில் ஹர்த்தால், கலவரம், உயிர்ப்பலி. இந்த நஷ்டத்தை எந்த ஜோசியரும் முன்கூட்டிச் சொன்னதாக நாங்கள் எங்கும் படித்ததில்லை. அதே வருஷம் செப்டம்பரில் ஜப்பானோடு இழப்பீட்டு ஒப்பந்தமும் ஆனது. 25 மில்லியன் வெள்ளி, அதுவும் ரொக்கமாக இல்லை, இரண்டு சரக்குக் கப்பல்களாக. வாழைமர நோட்டு வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

1998 பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜனவரியில் ஒரு டாலர் 4.88 வரை போனது. ஆகஸ்ட்டில் சௌ கிட்டில் கலவரம் என்று ஈமெயிலில் ஒரு புரளி. கோலாலம்பூரில் மக்கள் கடைகளை மொய்த்து அரிசி, மீ எல்லாம் அள்ளினார்கள். கலவரமே நடக்கவில்லை, புரளி பரப்பியதாகச் சிலரை ஐ.எஸ்.ஏ.வில் பிடித்தார்கள். செப்டம்பரில் ரிங்கிட்டை 3.80-ல் கட்டினார்கள். இது தாங்காது, கறுப்புச் சந்தை வரும் என்று பெரிய பெரிய வெளிநாட்டு நிபுணர்களே சொன்னார்கள். 2005 ஜூலை வரை தாங்கியது. 500, 1000 ரிங்கிட் நோட்டுகள் 1999 ஜூலையிலிருந்து செல்லாமல் போனது நிஜம். ஆனால் அதை முன்கூட்டியே பகிரங்கமாக அறிவித்துத்தான் செய்தார்கள், மாற்றிக்கொள்ள நேரமும் இருந்தது.

2024 நமக்கு இன்னும் கிட்டத்தில் நடந்தது. பிப்ரவரியில் டாலர் 4.80 தொட்டது, சிங்கப்பூர் வெள்ளி மூன்றரைக்கு மேல். மார்ச்சில் கூகுள் ஒருநாள் தப்பான விலை காட்ட, "ரிங்கிட் 5 ஆயிடுச்சு" என்று ஸ்க்ரீன்ஷாட் பறந்தது. தப்பு என்று பேங்க் நெகாரா விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்தை எத்தனை பேர் ஃபார்வர்ட் செய்தோம்? வருஷக் கடைசியில் ஆறு, ஏழு என்று யூடியூபில் ஆருடம் சொன்னவர்கள், செப்டம்பரில் டாலர் 4.12-க்கு இறங்கியபோது வேறு தலைப்புக்குப் போய்விட்டார்கள். அவர்களை நம்பி, மாற்ற வேண்டிய சிங்கப்பூர் வெள்ளியை ஏறும் ஏறும் என்று பிடித்து வைத்திருந்த நம்ம பிள்ளைகள் சிலர் எங்களுக்குத் தெரியும். தினமும் விடியற்காலையில் பாலம் கடந்து போய்ச் சம்பாதித்த காசு.

"கோயில்காரங்க நீங்களே பஞ்சாங்கம் பார்க்கிறீங்களே" என்று கேட்பீர்கள். பார்க்கிறோம். கிரகணத்தை நிமிஷக் கணக்கில் சொல்லும், அதன்படிதான் நடையும் சாத்துகிறோம். ரிங்கிட் விலையை அதில் யாரும் எழுதி வைக்கவில்லை. 1962 பிப்ரவரி தொடக்கத்தில் எட்டு கிரகமும் மகரத்தில் சேருகிறது, உலகம் அழியப்போகிறது என்று இந்தியா முழுக்கப் பீதி. யாகம் யாகமாக நெய்யை ஊற்றினார்கள். நேரு சிரித்தார். மூன்று நாளும் சாதாரணமாகப் போயின. பயத்தை விற்றவர்கள் யாரும் வாங்கிய தட்சணையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கைக்குப் பேர், விழாவிட்டால் காக்கை அடுத்த மரத்துக்குப் பறந்துவிடும்.

அந்த அக்காவிடம் நாங்கள் சொன்னது இதுதான். உறுப்பினர் வங்கி ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு 2,50,000 ரிங்கிட் வரை பி.ஐ.டி.எம். காப்பு இருக்கிறது. வீட்டு அலமாரிக்கு அது கிடையாது. நகை வாங்கணும்னா ஆசைப்பட்டு வாங்குங்க, பயந்து வாங்காதீங்க. யாராவது பணம் கட்டச் சொன்னால், பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பேர் இருக்கிறதா என்று பார்க்க எங்களைக் கூப்பிடுங்க, சேர்ந்து பார்ப்போம். பேர் அதில் இல்லை என்பதற்காக உடனே நம்பிவிடவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. தாத்தா பாட்டி வைத்திருந்த வாழைமர நோட்டு, பழைய அடகுச் சீட்டு, தோட்டத்துச் சம்பள அட்டை எதுவும் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீங்க. ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் கோயில் மண்டபத்துக்குக் கொண்டு வாங்க. நாங்கள் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். யாரிடம் இருந்தது, எந்தத் தோட்டம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டு வந்தால் போதும். விலை மட்டும் எங்களிடம் கேட்காதீங்க. சாதாரண பத்து வெள்ளி வாழைமர நோட்டு பழைய காசுக் கடையில் சில ரிங்கிட்டுக்கே கிடைக்கிறது.